கரீபியன் தீவில் குடும்பத்துடன் ஸ்கூபா: மலையில் வசிப்பவர்கள் எப்படித் தயாராக வேண்டும்?

கோத்தகிரி தேயிலை எழுதியது:

வணக்கம். நாங்கள் கோத்தகிரியில் வசிக்கிறோம். என் கொழுந்தனார் நெதர்லாந்தில் பணிபுரிகிறார். வரும் டிசம்பர் விடுமுறையில் இரு குடும்பங்களும் கரீபியன் கடலிலுள்ள பொனேர் தீவில் சந்தித்து, ஒரே வீட்டில் தங்கி, சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி நீருக்கடியில் நீந்தும் ஸ்கூபா முக்குளிப்பில் ஈடுபட வேண்டும் என்பது அவருடைய திட்டம். அவரும் என் ஓர்ப்படியும் முன்பே முக்குளிப்புச் சான்றிதழ் பெற்றவர்கள். எங்கள் வீட்டிலோ கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்தவர் ஒருவரும் இல்லை. மகளுக்குப் பதின்மூன்று வயது. மகனுக்கு அக்டோபரில் பத்து வயது நிறைகிறது. கோவையிலுள்ள பாட்டி வீட்டிற்குச் செல்லும்போதெல்லாம் பயிற்சி பெற்றதால் இருவரும் குளத்தில் நன்றாகவே நீந்துகிறார்கள்.

எனக்குச் சில ஐயங்கள் உள்ளன. இந்த வயதில் குழந்தைகளை ஸ்கூபாவிற்கு அனுமதிப்பார்களா, அனுமதித்தால் எவ்வளவு ஆழம் வரை? பிறந்ததிலிருந்து மலைமேலேயே வாழ்பவர்களுக்குக் கடலுக்கடியில் செல்வதில் தனியாக ஏதேனும் ஆபத்து உண்டா? பயிற்சியை இங்கேயே முடித்துக்கொண்டு செல்வது நல்லதா, அங்கே சென்று தொடங்குவது நல்லதா? என் கணவருக்குச் சிறுவயதில் இளைப்பு (ஆஸ்துமா) இருந்தது. இப்போதும் பனிக்காலத்தில் எப்போதாவது மூச்சு வாங்கும். அவர் நீருக்குள் இறங்கலாமா? மலைப்பகுதியிலிருந்து சென்று வந்தவர்கள் யாரேனும் இருந்தால் விரிவாக எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வெலிங்டன் பெரியவர் எழுதியது:

வணக்கம் அம்மா. நான் குன்னூரில் ஓய்வுக்காலத்தைக் கழிப்பவன். பணிக்காலத்தில் கடற்படை முக்குளிப்பாளர்களுடன் பல ஆண்டுகள் இருந்தேன். உங்கள் இரண்டாவது கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் சமவெளியிலுள்ள பயிற்சியாளர்களுக்கு அது எளிதில் தோன்றாது; உங்கள் வீடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று அவர்கள் கேட்பதும் அரிது.

மலையிலிருந்து கடலுக்கு இறங்கிச் செல்வதில் ஆபத்து ஒன்றும் இல்லை. கடலிலிருந்து மலைக்குத் திரும்பி ஏறுவதில்தான் இருக்கிறது. கடல்மட்டத்தில் நம்மீது அழுத்தும் காற்றை ஓர் அலகு என்று கொண்டால், 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் அது முக்கால் அலகுக்குச் சற்றே மேல். கோத்தகிரியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. நீருக்குள்ளோ ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஓர் அலகு கூடுகிறது. எனவே 18 மீட்டர் ஆழத்தில் இருப்பவர் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 2.8 மடங்கு அழுத்தத்தில் மூச்சுவிடுகிறார். அந்த அழுத்தத்தில் காற்றிலுள்ள நைட்ரஜன் வழக்கத்தைவிட மிகுதியாக இரத்தத்திலும் தசைகளிலும் கரைந்துவிடுகிறது. மேலே வந்த பிறகு அது நுரையீரல் வழியாக மெல்ல வெளியேறும், ஆனால் அதற்குப் பல மணி நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுக்காமல் உடலைச் சுற்றியுள்ள அழுத்தத்தை மேலும் குறைத்தால், கரைந்திருந்த வாயு உடலுக்குள்ளேயே குமிழிகளாகப் பிரிகிறது. மூட்டுவலி, தோலில் அரிப்பு, மிகுந்த சோர்வு ஆகியவற்றில் தொடங்கி, முதுகுத்தண்டு தாக்கப்பட்டால் கால்கள் மரத்துச் செயலிழப்பது வரை அது செல்லக்கூடும். இதைத்தான் டிகம்ப்ரஷன் நோய் என்கிறார்கள்.

முக்குளித்தவுடன் விமானம் ஏறக்கூடாது என்று எல்லோரும் சொல்வது இதனால்தான். பயணிகள் விமானத்தின் உட்புற அழுத்தம் பொதுவாக 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்திலுள்ள மலைக்குச் சமமாக வைக்கப்படுகிறது. அப்படியானால் உதகையின் சேரிங் கிராஸில் நின்று தேநீர் அருந்துபவர், அழுத்தக் கணக்கில், பறந்துகொண்டிருக்கும் விமானத்திற்குள் இருப்பவரே. டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற முக்குளிப்புப் பாதுகாப்பு அமைப்பின் பரிந்துரைகளும் விமானத்தை மட்டும் சொல்வதில்லை. 2,000 முதல் 8,000 அடி உயரத்திற்குச் செல்லும் எந்தப் பயணத்திற்கும் அவை பொருந்தும். மேலே வரும் வழியில் நைட்ரஜன் வெளியேறுவதற்காக இடையில் நிற்கத் தேவைப்படாத ஒரே ஒரு முக்குளிப்புக்குப் பின் குறைந்தது 12 மணி நேரமும், ஒரே நாளில் பல முறையோ அடுத்தடுத்த நாட்களிலோ முக்குளித்திருந்தால் குறைந்தது 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும். பலரும் 24 மணி நேரத்தையே கடைப்பிடிக்கிறார்கள், நானும் அதையே சொல்வேன். கோத்தகிரி, குன்னூர், உதகை, கொடைக்கானல் ஆகிய அனைத்தும் இந்த உயர வரம்பிற்குள் வருகின்றன.

இதன் நடைமுறை விளைவைப் பாருங்கள். பொனேரிலிருந்து நீங்கள் எப்படியும் விமானத்தில்தான் திரும்ப வேண்டும். ஆகவே காத்திருப்பு அங்கேயே முடிந்துவிடும். சிக்கல், பயிற்சியை இங்கே புதுச்சேரி போன்ற இடத்தில் பெற்றால்தான். புதுச்சேரிக் கடலில் காலையில் பயிற்சியை முடித்து, மதிய உணவுக்குப் பின் காரில் ஏறி, சேலம், ஈரோடு வழியாக வந்தால் அன்றிரவே மேட்டுப்பாளையத்தைத் தாண்டி மலையேறிவிடுவீர்கள். விமானத்திற்கான இந்த விதியை அறிந்த பயிற்சியாளர்கூட, காரில் செல்பவர்தானே என்று விடை கொடுத்து அனுப்பிவிடுவார். ஆகையால் அன்றிரவு புதுச்சேரியிலோ மேட்டுப்பாளையத்திலோ தங்கி, மறுநாள் நேரம் கணக்கிட்டு மலையேறுங்கள். கொடைக்கானல்காரர்கள் வத்தலக்குண்டில் தங்கலாம். கர்நாடகக் கடற்கரையிலுள்ள முருடேஸ்வரத்தில் பயிற்சி பெற்று மைசூர் வழியாக வர நினைப்பவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும், ஏனெனில் மைசூரே 2,500 அடி உயரத்தில் இருக்கிறது. முழுக் காத்திருப்பையும் கடற்கரையிலேயே முடித்துவிட வேண்டும். பந்திப்பூர்ச் சாலை இரவு 9 மணிக்கு மூடப்படுவதால் எப்படியும் அன்றே வீடு சேர்வது கடினம். வனத்துறை அறியாமலேயே முக்குளிப்பாளர்களுக்குச் செய்யும் உதவி அது.

மலைக் குழந்தைகளுக்கு ஒரு பலமும் உண்டு. மலைப்பாதையில் இறங்கும்போது காது அடைத்துக்கொள்வதையும், எச்சில் விழுங்கினால் திறப்பதையும் அவர்கள் தவழும் வயதிலிருந்தே அறிவார்கள். ஆனால் அளவைப் புரியவையுங்கள்: உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் வரை அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் இறங்கும்போது காது உணரும் மொத்த மாற்றம், கடலில் ஏறத்தாழ 2 மீட்டர் இறங்குவதற்குச் சமம். சாலையில் இரண்டு மணி நேரம் எடுக்கும் அந்த மாற்றம் நீரில் சில நொடிகளில் நிகழ்ந்துவிடுகிறது. ஆகவே மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிக் காதைச் சமன்செய்யும் பயிற்சியை, வலி தொடங்கும்வரை காத்திராமல், ஒவ்வோர் அரை மீட்டருக்கும் செய்ய வேண்டும். வலித்தால் இறங்குவதை நிறுத்திச் சற்று மேலே வர வேண்டும். பிடிவாதமாக ஊதக் கூடாது.

குறிஞ்சிக்காடு எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நான் கொடைக்கானலில் ஆசிரியை. எங்கள் பள்ளிக்கு நீண்ட விடுமுறை குளிர்காலத்தில் வருவதால், நாங்களும் ஒரு டிசம்பரில்தான் பொனேருக்குச் சென்றோம். பெரியவர் எழுதியதற்குப் பின் உடல்நலம் பற்றி நான் சேர்க்க ஒன்றுமில்லை. வயது, தீவு, பயணம் ஆகியவற்றைப் பற்றிச் சொல்கிறேன்.

பெரும்பாலான பயிற்சி நிலையங்கள் பின்பற்றும் பாடி (PADI) என்ற முக்குளிப்புப் பயிற்சி அமைப்பின் விதிகளின்படி, பத்து வயது நிறைந்தவர்கள் இளையோருக்கான ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கநிலைச் சான்றிதழைப் பெறலாம். பத்து, பதினொரு வயதினர் 12 மீட்டருக்கு மேல் இறங்கக்கூடாது. சான்றிதழ் பெற்ற பெற்றோரோ காப்பாளரோ தொழில்முறைப் பயிற்சியாளரோ உடனிருக்க வேண்டும். பன்னிரண்டு முதல் பதினான்கு வயதினர், சான்றிதழ் பெற்ற பெரியவர் ஒருவருடன் 18 மீட்டர் வரை செல்லலாம். ஆகவே உங்கள் மகனுக்கு அக்டோபர் பிறந்தநாள் மிகப் பொருத்தமாக அமைந்திருக்கிறது. இன்னும் பத்து நிறையாத குழந்தைகளை எட்டு வயதிலிருந்து 2 மீட்டர் ஆழத்திற்குள் மட்டும் அழைத்துச் செல்லும் பயிற்சி ஒன்றும் உண்டு. ஆனால் விதி அனுமதிக்கிறது என்பதற்காக மட்டும் குழந்தையை இறக்கிவிடாதீர்கள். என் இளைய மகனைப் பயிற்சியாளர் முதலில் கேட்ட கேள்வி, 'உனக்கு விருப்பமா, அம்மாவுக்கு விருப்பமா?' என்பது. அதற்கு அவன் சொன்ன பதிலை வைத்தே அவர் முடிவெடுத்தார்.

பயிற்சியைப் பிரித்துக்கொள்வதே உங்களுக்கு ஏற்றது என்பது என் கருத்து. ஓப்பன் வாட்டர் பயிற்சியில் பாடம், குளத்தில் ஐந்து பயிற்சிப் பகுதிகள், கடலில் நான்கு முக்குளிப்புகள் என மூன்று பாகங்கள் உள்ளன. பாடத்தையும் குளப் பயிற்சியையும் இங்கே முடித்து, அதற்கான பரிந்துரைப் படிவத்தைப் பெற்றுக்கொண்டால், கடலில் செய்ய வேண்டிய நான்கையும் பன்னிரண்டு மாதங்களுக்குள் வேறு எந்த நாட்டிலும் முடிக்கலாம். நீச்சல் தேர்வும் உண்டு: இடைநிற்காமல் 200 மீட்டர் நீந்த வேண்டும், அல்லது மாஸ்க், துடுப்பு, சுவாசக்குழல் அணிந்து 300 மீட்டர் நீந்த வேண்டும், பிறகு பத்து நிமிடம் மிதக்க வேண்டும். குழந்தைகளைவிட நாற்பதைக் கடந்த பெற்றோருக்கே இது கடினமாக இருக்கிறது. கொடைக்கானல் ஏரியைச் சுற்றித் தினமும் நடக்கும் பழக்கம் நீச்சலுக்கு உதவும் என்று நம்பியிருந்த என் கணவருக்கு இதைச் சற்று விளக்க வேண்டியிருந்தது.

இனித் தீவு. பொனேர் வெனிசுவேலாக் கரைக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 2010 அக்டோபர் 10 முதல் அது நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சி. ஆனால் புழங்குவது அமெரிக்க டாலர். அருபா, குராசோ ஆகியவற்றைப் போல இதுவும் வழக்கமான புயல் பாதைக்கு வெளியே அமைந்திருப்பதால் டிசம்பரில் அச்சமின்றிச் செல்லலாம். மழை பெய்தாலும் சிறிது நேரத்தில் விட்டுவிடும். நிலமோ நம் மலைகளுக்கு முற்றிலும் மாறானது: கள்ளிச்செடிகள், சுண்ணாம்புப் பாறை, சுற்றித் திரியும் ஆடுகளும் கழுதைகளும், தெற்கே உப்பளங்களும் பூநாரைகளும். தீவின் மிக உயரமான பிராண்டாரிஸ் குன்றே 241 மீட்டர்தான் என்பதால், முக்குளித்த அன்றே தீவின் எந்த மூலைக்கும் காரில் செல்லலாம். கரீபியனிலேயே மலைத்தீவுகளைத் தேர்ந்தெடுத்திருந்தால் அங்கும் பெரியவரின் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

குழந்தைகளுடன் செல்பவர்களுக்கு இத்தீவை நான் பரிந்துரைக்க ஒரே பெரிய காரணம், படகு தேவையில்லை என்பது. காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வீசுவதால் மேற்குக் கரை ஏறக்குறைய ஆண்டு முழுவதும் அமைதியாக இருக்கும்; பவளப்பாறையும் கரையிலிருந்து நீந்தும் தொலைவிலேயே தொடங்கிவிடும். கடற்கரைச் சாலையோரம் மஞ்சள் வண்ணம் பூசிய கற்களில் ஒவ்வோர் இடத்தின் பெயரும் எழுதியிருக்கிறது. பிக்கப் வண்டியில் சிலிண்டர்களை ஏற்றிக்கொண்டு, விரும்பிய கல்லருகே நிறுத்தி, அங்கேயே உபகரணங்களை அணிந்து நடந்தே கடலுக்குள் செல்லலாம். குழந்தைக்கு அச்சம் வந்தால், பன்னிரண்டு பேர் ஏறிய படகு அவனுக்காகக் காத்திருக்கும் நெருக்கடி இல்லை. திரும்பிக் கரைக்கு வந்துவிடலாம். ஒரு நாள் என் மகன் அப்படித் திரும்பியதும், மீதி நேரம் முழுவதும் நண்டுகளைத் துரத்திக்கொண்டிருந்தான். மறுநாள் தானாகவே மாஸ்க்கை எடுத்துக்கொண்டான்.

சில இடங்களைச் சொல்கிறேன். 'ஆயிரம் படிகள்' என்ற கடற்கரையில் உண்மையில் இருப்பவை எழுபதை ஒட்டிய படிகள்தான். பழனிப் படிகளை ஏறிப் பழகிய நமக்கு அது ஒரு பொருட்டல்ல என்று நினைத்தேன், முதுகில் சிலிண்டருடன் திரும்பி ஏறும்வரை. உப்பு ஏற்றும் கப்பல்கள் நிற்கும் பாலத்தின் தூண்களுக்கடியில் மீன் கூட்டங்கள் மிக அழகு. கப்பல் நிற்கும்போது அங்கே இறங்கக்கூடாது. எதிரேயுள்ள கிளைன் பொனேர் என்ற சிறு தீவுக்குப் படகில் சென்று, சுவாசக்குழலுடன் நீரோட்டத்தில் மிதந்து வருவது சான்றிதழ் இல்லாதவர்களுக்கும் ஏற்றது. ஆமைகளை அங்கேதான் அருகில் பார்த்தோம். 1984ஆம் ஆண்டு மூழ்கிய ஹில்மா ஹூக்கர் என்ற 72 மீட்டர் நீளக் கப்பல் 30 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அது உங்கள் கொழுந்தனாருக்கு, குழந்தைகளுக்கு அன்று.

விதிகள் கடுமையானவை, அதை நான் வரவேற்கிறேன். தீவைச் சுற்றி 60 மீட்டர் ஆழம் வரையிலான கடல் முழுவதும் 1979 முதல் தேசியக் கடல் பூங்கா. வருவோரிடம் ஆண்டுக்கு 40 டாலர் இயற்கைக் கட்டணம் பெறுகிறார்கள். தீவில் நுழைவதற்கான வரி தனியாகப் பெரியவர்களுக்கு 75 டாலர், பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு 10 டாலர். தொகைகள் மாறக்கூடும் என்பதால் புறப்படும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். எவ்வளவு அனுபவம் உள்ளவரானாலும் விளக்க வகுப்பைக் கேட்டு, முதல் முக்குளிப்பைச் சரிபார்ப்பு முக்குளிப்பாகச் செய்ய வேண்டும். பாறையைப் பிடிக்கும் ஆசை வரக்கூடாது என்பதற்காகக் கையுறைக்கே தடை. ஆக்சிபென்சோன் என்ற வேதிப்பொருள் கலந்த வெயில்காப்புப் பசைக்கும் தடை உண்டு. முழுக்கை நீச்சலாடையே போதும். 2023இல் அங்கே பவளத் திசுக்களை அழிக்கும் நோய் ஒன்று கண்டறியப்பட்டதால், ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்திற்குச் செல்லும்போது உபகரணங்களைக் கிருமிநீக்கம் செய்யச் சொல்கிறார்கள்.

விசா பற்றி ஒரு வார்த்தை. நெதர்லாந்து வழியாகத்தானே செல்கிறோம் என்று ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவோடு நின்றுவிடாதீர்கள். கரீபியன் பகுதிக்கான விசா தனி. யாருக்கு அதிலிருந்து விலக்கு என்பதைத் தூதரகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டுப் பெறுங்கள். அமெரிக்கா வழியாகச் சென்றால் விமானம் மாறுவதற்கும் அந்நாட்டு விசா வேண்டும்.

லவ்டேல் இரயிலடி எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இத்தனை விசாவும் இத்தனை டாலரும் செலவழித்து உலகின் மறுபக்கம் செல்வதற்கு முன் நம் கடலைப் பற்றி ஒருவராவது பேச வேண்டும் அல்லவா? மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி 117 வகைப் பவளங்கள் பதிவாகியுள்ளன. கரீபியன் கடல் முழுவதையும் சேர்த்தால்கூடக் கடினப் பவள வகைகள் அத்தனை இல்லை. அந்தமானின் சுவராஜ் தீவிலும், இலட்சத்தீவுகளின் கட்மத்திலும் பயிற்சி தருகிறார்கள், கடவுச்சீட்டே வேண்டாம். கரீபியனில் இன்று பெருந்தொல்லையாகப் பரவி, வேட்டையாடி ஒழிக்க முயலும் லயன்ஃபிஷ் நம் பக்கத்துக் கடல்களில் இயல்பாக வாழும் மீன். அதைப் பார்க்க அங்கே செல்ல வேண்டுமா?

குறிஞ்சிக்காடு எழுதியது:

ஐயா, உயிரின வகைகளில் நம் கடல் வளமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தமானுக்குச் சென்றால் மீன்களின் எண்ணிக்கையில் ஏமாற்றம் இருக்காது. மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா என்பதால் வனத்துறை அனுமதியின்றி அங்கே செல்ல இயலாது. கட்மத்துக்கும் நுழைவு அனுமதி பெற வேண்டும். ஆனால் சகோதரி கேட்டது எந்தக் கடல் சிறந்தது என்றல்ல. இரு குடும்பங்கள் சந்திக்கும் இடம் முடிவாகிவிட்டது. குழந்தைகளை அங்கே எப்படிப் பத்திரமாக இறக்குவது என்பதே கேள்வி. அந்தமானைப் பயிற்சிக்களமாகக் கொள்ளலாம் என்றால் அது நல்ல யோசனைதான், செலவு இரட்டிப்பாகும் என்பதைத் தவிர.

உதகை மருத்துவர் எழுதியது:

உங்கள் கணவரைப் பற்றிய கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. பயிற்சியில் சேரும் ஒவ்வொருவரும் ஒரு மருத்துவ வினாப்படிவத்தை நிரப்ப வேண்டும். அதில் ஆஸ்துமா பற்றிய வினாவிற்கு 'ஆம்' என்று எழுதினால், மருத்துவரின் கையொப்பமின்றி நீரில் இறக்க மாட்டார்கள். இதை அறிந்தே பலர் 'இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

காரணம் இதுதான். சிலிண்டரிலிருந்து வரும் காற்று ஈரப்பதம் நீக்கப்பட்டது; வறண்டதும் குளிர்ச்சியானதுமாக இருக்கும். ஆழத்தில் அக்காற்று அடர்த்தியாக இருப்பதால் மூச்சுவிட உழைப்பும் கூடுதலாகத் தேவை. இவை இரண்டும் இளைப்பைத் தூண்டக்கூடியவை. அதைவிட முக்கியமானது, சுருங்கிய மூச்சுக்குழாய்க்குப் பின்னால் சிக்கிக்கொண்ட காற்று மேலே வரும்போது விரிவடையும்; வெளியேற வழி இல்லையென்றால் நுரையீரல் திசு கிழிய நேரிடும். இது 3 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வரும்போதும் நிகழலாம் என்பதால் 'ஆழம் குறைவுதானே' என்று சமாதானம் கொள்ள முடியாது.

சிறுவயதில் மட்டும் இளைப்பு இருந்து, பல ஆண்டுகளாக மருந்தும் அறிகுறியும் இல்லாமல், மூச்சளவுப் பரிசோதனையும் உடற்பயிற்சிக்குப் பிந்தைய பரிசோதனையும் இயல்பாக இருப்பவர்களுக்கு அனுமதி அளிப்பதுண்டு. ஆனால் நீங்கள் எழுதியது வேறு: பனிக்காலத்தில் இன்றும் அவருக்கு மூச்சு வாங்குகிறது. குளிர்ந்த காற்றால் தூண்டப்படும் இளைப்பு இன்னும் நீடிக்கிறது என்றால் நான் கையொப்பமிட மாட்டேன். முதலில் நுரையீரல் மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் அவர் சுவாசக்குழலுடன் நீர்ப்பரப்பில் மிதந்து ஆமைகளைப் பார்க்கலாம்; குறிஞ்சிக்காடு எழுதியதைப் பார்த்தால் அந்தத் தீவில் அதற்கும் குறைவில்லை.

குழந்தைகளுக்கு ஒரே எச்சரிக்கை: சளி பிடித்திருந்தால் அன்று நீர் வேண்டாம். மூக்கடைப்பு நீக்கும் மருந்தைக் கொடுத்து இறக்கவும் வேண்டாம், ஏனெனில் மருந்தின் வேகம் ஆழத்தில் இருக்கும்போது குறைந்தால், மேலே வரும் வழியில் காதிலும் சைனஸிலும் காற்று சிக்கிக்கொள்ளும்.

கோத்தகிரி தேயிலை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மருத்துவர் எழுதியதை என் கணவரிடம் படித்துக் காட்டினேன். கோவையில் நுரையீரல் மருத்துவரைப் பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார். அனுமதி இல்லையென்றால் கரையில் வண்டிக்குக் காவலிருப்பதாகச் சொல்கிறார். குழந்தைகளும் நானும் பாடத்தையும் குளப் பயிற்சியையும் கோவையில் முடித்து, கடல் முக்குளிப்புகளைப் பொனேரில் செய்வதாக முடிவெடுத்திருக்கிறோம்.

வெலிங்டன் ஐயாவிடம் இரண்டு கேள்விகள். குளப் பயிற்சி முடிந்த அன்றே கோத்தகிரிக்குத் திரும்பலாமா? பொனேரிலிருந்து விமானத்தில் பெங்களூருக்கு வந்து, அன்றே மலையேறினால் மீண்டும் காத்திருக்க வேண்டுமா? மேலும், என் மகள் கண்ணாடி அணிபவள். நீருக்குள் என்ன செய்வது?

வெலிங்டன் பெரியவர் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு விடை எளிது. கடைசியாக நீரிலிருந்து வெளியே வந்த நேரத்திலிருந்துதான் கணக்கு தொடங்குகிறது. பொனேரில் விமானம் ஏறுவதற்கு முன் ஒரு முழு நாள் காத்திருந்து, பிறகு ஆம்ஸ்டர்டாம் வழியாகப் பெங்களூர் வந்து சேரும்போது உடலிலுள்ள நைட்ரஜன் பழைய நிலைக்கு வந்திருக்கும். தாராளமாக மலையேறலாம். பயணத்தின் கடைசி நாளை முக்குளிப்பின்றி விட்டுவைக்க வேண்டும் என்பதை மட்டும் இப்போதே கொழுந்தனாரிடம் சொல்லிவிடுங்கள். விடுமுறையின் இறுதி நாளில் 'ஒரே ஒரு முறை' என்று ஆசைப்படுவது முக்குளிப்பவர்களின் பொது இயல்பு. அந்த நாளில் வடக்கேயுள்ள வாஷிங்டன் ஸ்லாக்பாய் தேசியப் பூங்காவைக் குழந்தைகளுக்குக் காட்டலாம்.

குளத்தைப் பொறுத்தவரை, இரண்டு மூன்று மீட்டர் ஆழமுள்ள நீரில் உடல் ஏற்றுக்கொள்ளும் நைட்ரஜன் மிகச் சிறிதளவே. கடலாழத்திற்குச் சென்று வந்ததோடு அதை ஒப்பிட முடியாது. ஆனாலும் பயிற்சியாளரிடம் உங்கள் வீட்டின் உயரத்தை முதல் நாளே தெரிவியுங்கள். பயிற்சியைக் காலையில் வைத்துக்கொண்டு, இரவு பாட்டி வீட்டிலேயே தங்கி மறுநாள் புறப்பட்டால் யாருக்கும் குழப்பமில்லை. பாட்டிக்கும் மகிழ்ச்சி.

காப்பீட்டை மறந்துவிடாதீர்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் முக்குளிப்பு விலக்கப்பட்டிருக்கும், அல்லது ஆழ வரம்பு இருக்கும். பொனேரில் உயரழுத்தச் சிகிச்சை அறை இருக்கிறது என்பது நிம்மதி. ஆனால் அதன் செலவு சிறியதல்ல. திரும்பி வந்த பிறகு ஓரிரு நாட்களுக்குள் யாருக்கேனும் காரணமில்லாத மூட்டுவலியோ மரத்துப்போதலோ தோன்றினால், பயணக் களைப்பு என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவரிடம் சென்று, முக்குளித்ததையும் பிறகு விமானம் ஏறியதையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

குறிஞ்சிக்காடு எழுதியது:

கண்ணாடிக்கு நான் பதில் சொல்கிறேன், எங்கள் வீட்டில் மூவர் கண்ணாடி அணிபவர்கள். வழக்கமான கண்ணாடியை மாஸ்க்கிற்குள் அணிய இயலாது. காதுப்பட்டை இருக்கும் இடத்தில் இடைவெளி ஏற்பட்டு நீர் உள்ளே வரும். கிட்டப்பார்வை மட்டும் உள்ளவர்களுக்கு, பார்வை அளவுக்கேற்ற வில்லைகள் பொருத்திய மாஸ்க் கிடைக்கிறது. இரு கண்களுக்கும் வேறு வேறு அளவில் பொருத்தலாம்; மருத்துவர் எழுதிய அளவில் அரைப் புள்ளி வேறுபட்டாலும் நீருக்குள் அது பெரிதாகத் தெரிவதில்லை. சிதறல்பார்வை (அஸ்டிக்மாடிசம்) அதிகமாக இருந்தால் தனியாகச் செய்யச் சொல்ல வேண்டும், அதற்கு நாளாகும். மென்மையான கான்டாக்ட் லென்ஸ் அணிந்தும் முக்குளிக்கலாம். ஆனால் மாஸ்க்கில் நீரை நிரப்பி வெளியேற்றும் பயிற்சியின்போது கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பதின்மூன்று வயதில் அதைவிட வில்லை பொருத்திய மாஸ்க்கே வசதி.

மற்ற உபகரணங்களை அங்கே வாடகைக்கு எடுங்கள். உங்கள் மகன் அளவிற்கான மிதவை அங்கி, துடுப்பு, 3 மில்லிமீட்டர் நீச்சலுடை ஆகியவை இருக்கின்றனவா என்று முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள், டிசம்பரில் சிறிய அளவுகள் விரைவில் தீர்ந்துவிடும். நீர் 27 பாகை வெப்பத்தில் இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் ஒல்லியான குழந்தைகள் நடுங்கத் தொடங்குவார்கள். மலைக் குளிருக்குப் பழகியவர்கள் என்பது இதில் கைகொடுக்காது. மாஸ்க்கை மட்டும் இப்போதே வாங்கி, கோவைக் குளத்தில் அதையே அணியச் செய்யுங்கள். புதிய மாஸ்க்கின் கண்ணாடியில் உற்பத்தியின்போது படிந்த மெல்லிய படலம் இருக்கும். பற்பசையால் நன்றாகத் தேய்த்துக் கழுவாவிட்டால் முதல் நாள் முழுவதும் பனிமூட்டம்தான்.